ஒன்பது வோல்ட்

எல்லாப் பெடலுக்கும் ஒரே அடாப்டர் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான், அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். என் பெட்டிகளை மேசைமேல் பரப்பி வைத்து, "இதெல்லாம் என்ன, ஷாக் குடுக்கிற சாமானா?" என்று கேட்டீர்கள். இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். கிட்டாரின் ஒலியைக் காலால் மிதித்து மாற்றுகிற பெட்டிகள். பெடல் என்பது இதைத்தான்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பசி. எதிரொலி தருகிற நீலப் பெட்டிக்கு ஒன்பது வோல்ட். வெள்ளைக்குப் பன்னிரண்டு. பச்சை இருக்கிறதே, அது பதினெட்டு கொடுத்தால்தான் வாயைத் திறக்கும். பதினெட்டைத் தவறிப்போய் நீலத்துக்குக் கொடுத்தால் கொஞ்சம் புகை, கொஞ்சம் தீய்ந்த வாடை, அத்தோடு கதை முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே வயரில் கோத்தாலோ காதுக்குள் கொசு புகுந்த மாதிரி ஒரு ரீங்காரம். யாருக்கு எவ்வளவு தேவையோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு மனசு வேண்டும். "அந்தப் பெட்டிங்க மேல இருக்கிற அக்கறையில பாதி எங்க மேல இருந்தா போதும்" என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது மாமனார் வீட்டில். மாமா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நுரையீரல் போய்விட்டது. என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவர் கட்டிலோரம் ஆக்ஸிஜன் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அறைக் காற்றை இழுத்து, ஆக்ஸிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற மெஷின். நல்ல கண்டுபிடிப்பு, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் கம்ப்ரஸர் அடிக்கிற ஒவ்வொரு அடியும் கரண்ட் லைன் வழியாக வந்து என் ரெக்கார்டிங்கில் 'டக்' என்று விழும். அத்தனை பாடுபட்டு நான் சுத்தம் செய்த மின்சாரத்தில், மேடம்.

மெஷினை வேறு அறைக்கு மாற்றலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"எங்கப்பாவையும் சேர்த்துல்ல மாத்தணும்? வேணும்னா நீங்க மொட்டை மாடிக்குப் போங்க" என்றாள். மருந்துக் கடைக்கு வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்த மெஷின்ல மட்டும் கை வைக்காதீங்க, சொல்லிட்டேன்" என்றும் சொன்னாள்.

அவளிடம் கேட்டதே தப்பு. மூக்கு யாருடையதோ அவரிடமே கேட்டேன். "மாமா, நான் வாசிக்கிற நேரம் மட்டும் மெஷினை நிறுத்திக்கலாமா?"

மாமா பெருந்தன்மையானவர். "அஞ்சு நிமிஷம்னா சமாளிச்சுக்குவேன் மாப்ளே. உடனே போட்ரணும்" என்றார்.

ஆக, சம்மதம் கொடுத்தது அவர். இதைத் தயவுசெய்து விடாமல் எழுதச் சொல்லுங்கள். சில தடவை அப்படிச் செய்தோம். உதடு லேசாக நீலம் பாரிக்கும், மெஷினைப் போட்டதும் பழைய நிறம் வந்துவிடும். "இந்த மியூசிக்ல உங்க பங்கும் இருக்கு மாமா" என்றேன் ஒருநாள். அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நெகிழ்ந்துபோயிருப்பார்.

ஒரே சங்கடம், மெஷினின் பொத்தான் அவர் கைக்கு எட்டும். பொறுமை போனால் அவரே தட்டிப் போட்டுவிடுவார். பாதி வாசிப்பில் 'டக்' விழுந்து நல்ல டேக்குகள் அப்படியே பாழாயின.

அன்றைக்கு ஒரு மெத்தைக் கம்பெனி விளம்பரத்துக்கு டியூன் அனுப்பக் கடைசி நாள். கேட்டால் தூக்கம் வர வேண்டும் என்றிருந்தார்கள். மனைவி கடைக்குப் போயிருந்தாள். உட்கார்ந்தால், ஒலியைக் கரகரப்பாக்குகிற என் பழைய ஃபஸ் பெடலில் பேட்டரி செத்துக் கிடக்கிறது. அந்தப் பெடலுக்கு பிளஸும் மைனஸும் தலைகீழ். மற்றவற்றோடு கோத்தால் ஷார்ட் ஆகிவிடும். தனியாக ஒன்பது வோல்ட் பேட்டரிதான் அதற்குச் சாப்பாடு. அதே பேட்டரி மாமாவின் மெஷினிலும் ஒன்று இருந்தது. கரண்ட் போனால் கூச்சல் போடுகிற அலாரத்துக்காக வைத்தது.

அவர் அறையின் ஃப்யூஸ் என் அறையில்தான் இருக்கிறது. ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டால் பொத்தானைத் தட்டி ஒன்றும் ஆகாது. ஆனால் அலாரம் கத்தும். பேட்டரி என்னிடம் வந்துவிட்டால் அதுவும் கத்தாது, என் பெடலும் பாடும். நிதானமாக யோசித்துப் பாருங்கள், வேறு என்ன செய்ய முடியும்? மாமா கண் அசந்திருந்தபோது பேட்டரியை எடுத்தேன். வந்து ஃப்யூஸைப் பிடுங்கினேன்.

டியூன் முப்பது விநாடிதான். ஆனால் ஒரு டேக்கில் திருப்தி அடைகிறவன் கலைஞனா? பச்சையைக் கொஞ்சம் ஏற்றினேன், நீலத்தைக் கொஞ்சம் இறக்கினேன், மறுபடி வாசித்தேன். மறுபடியும். வாழ்க்கையில் முதல் தடவையாக லைன் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

என் ஹெட்போனைப் பிடுங்கியது மனைவி.

"மெஷின் ஏங்க ஓடல? அப்பா கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

"ஒரு நிமிஷம் இரும்மா, இப்பதான் சேவ் ஆகுது" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்னும் புரிந்துகொள்ள முடியவில்லை. சேவ் ஆகாமல் நிறுத்தினால் எல்லாமே போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும்.

மெத்தைக் கம்பெனிக்காரர்கள் கடைசியில் ஏதோ ஒரு புல்லாங்குழலைப் போட்டுக்கொண்டார்கள். அவரவர் ரசனை.

நீங்கள் கைப்பற்றிய ஃபைலைப் போட்டுக் கேளுங்கள், ஒரு பொட்டு இரைச்சல் இருக்காது. ஆனால் உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. வாசித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. கிட்டார் ஸ்பீக்கர் முன்னால் வைத்திருந்த மைக் அதைப் பிடித்துக்கொண்டது, ஹெட்போனில் எனக்கும் கேட்டது. முதலில் வேகமாக, அப்புறம் விட்டு விட்டு. மாமா தாளம் போடுகிறார் என்று எனக்குச் சந்தோஷம்தான். இருந்தாலும் தாளம் சேரவில்லை மேடம், போகப் போகத் தளர்ந்துகொண்டே போனது. அதனால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன்.