மரக்காணத்து வரப்பில் ஸ்காட்லாந்துப் பாட்டு

அனுமந்தைக் குப்பத்தின் நல்லது கெட்டது எல்லாவற்றிலும் முன்னால் நிற்கும் அவைத்தலைவர், ஐயா தட்சணாமூர்த்தி அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் சான்றோர்களே! அம்மன் திருவிழாவுக்குத் தன் பாடகர் குழுவோடு வந்திருக்கும் மாதாகோயில் கிட்டார் கலைஞர், அண்ணன் ஜெரால்டு அவர்களே! கடலோடு மல்லுக்கட்டிக் களைத்துக் கரை சேர்ந்து, மணலில் அமர்ந்திருக்கும் உடன்பிறப்புகளே! உப்பளத்து வெயிலில் உள்ளங்கால் வெந்தும், இன்று முன்வரிசை பிடித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் வெற்றிச்செல்வனின் வணக்கம்.

"இன்னாடா, கிட்டாரு வாசிக்கக் கூப்ட்டா பேசிக்கினே இருக்கறான்"னு பின்னால ஒரு குரல் கேக்குது. இருப்பா! போன வருஷம் பேசாம வாசிச்சேன், சிரிச்சீங்க. இந்த வருஷம் பேசிட்டுத்தான் வாசிப்பேன்.

அன்பார்ந்தவர்களே! தனிமை என்றால் என்ன? ஆளே இல்லாத நடுக்கடலில் இருப்பதா? அங்கே வலை இருக்கிறது, வேலை இருக்கிறது, அலை இருக்கிறது. கரை கண்ணெதிரே இருந்தும் கால் வைக்க முடியாமல் கிடந்திருக்கிறீர்களா? நான் கிடந்திருக்கிறேன். ஸ்காட்லாந்தில் ஒரு மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்தேன். எனக்குக் கிடைத்த விசாவில் கப்பலில்தான் தங்கலாம், ஊருக்குள் தங்கக் கூடாது. சனி ஞாயிறு வந்தால் அந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கட்டிக்கிடக்கும் கப்பலில் நான் மட்டும் இருப்பேன். எதிரே வீடு தெரியும், விளக்கு தெரியும், பிள்ளைகள் விளையாடுவது தெரியும். என்னிடம் பேசத்தான் ஆள் கிடையாது.

அங்கே இன்ஜின் பார்த்த டூகல் என்பவர் ஒரு கிட்டார் வைத்திருந்தார். அவர் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியாது, நான் பேசுவது அவருக்கு முழுசாகவே புரியாது! ஆனால் அவர் வாசித்தது புரிந்தது. ஆறு கம்பியில் மூன்றைத் தளர்த்திச் சுதியை இறக்கிவிடுவார். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவார்களே, அதுபோல அடியில் ஒரு சுரம் நின்றுகொண்டே இருக்கும், மேலே பாட்டு போகும். எல்லாம் அந்த நாட்டுப் பழம்பாட்டு. பாட்டில் இரண்டு பாகம், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். ஏன் இரண்டு தடவை என்று கேட்டேன். முதல் தடவை கேட்பவன் இரண்டாம் தடவை கூடச் சேர்ந்துகொள்ளத்தான் என்றார். நான் ஊருக்குப் புறப்பட்டபோது தன் கிட்டாரையே என் கையில் கொடுத்துவிட்டார்.

கொண்டுவந்தேன். கொள்ளை ஆசையோடு கொண்டுவந்தேன். என் மக்கள் கேட்க வேண்டும் என்று கொண்டுவந்தேன். போன வருஷம் இதே மேடை. கிட்டாரைப் பின்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். மேடை ஏறுமுன் எல்லாக் கிட்டாரையும் ஒரே சுதிக்குக் கொண்டுவருவது மாதாகோயில் குழுவின் வழக்கம். அண்ணன் ஜெரால்டு என் கிட்டாரைத் தட்டிப் பார்த்தார். "ஐயோ பாவம், கப்பல்ல வந்ததுல கம்பி மூணு எறங்கிப்போச்சு" என்று, எனக்கு உதவி செய்வதாக நினைத்து, முறுக்கி ஏற்றிவிட்டார்!

சிரிங்க, நல்லா சிரிங்க, அன்னிக்கும் இப்படித்தான் சிரிச்சீங்க. என் விரல் ஒன்று சொன்னது, கம்பி ஒன்று சொன்னது. "டேய், தகர டப்பா தேவல!" என்று ஒருவர் கத்தினார். மைக்செட்காரர் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார். நான் இறங்கிப் போய்விட்டேன். அந்த ஊரில் பேச ஆளில்லை, இந்த ஊரில் கேட்க ஆளில்லை. எதற்காக வந்தோம் என்றே இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் உப்பளத்து வரப்புக்குப் போய்விடுவேன். உப்புக்காற்றில் கம்பி துரு ஏறும். துடைப்பேன், வாசிப்பேன், துடைப்பேன். ஒருநாள் உப்புக்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருவர் வந்து நின்றார். இதோ முன்வரிசையில் இருக்கும் வேலம்மாள் பெரிம்மா.

"ஏம்பா, எந்த ஊரு பாட்டு இது?"

"ஸ்காட்லாந்து, பெரிம்மா."

"எம்புள்ள நடராசன் கப்பல்ல இருக்கறானே, அந்த ஊரா?"

"அதே ஊருதான்."

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "வாசி. அவன் காதுல விழுறது எங்காதுலயும் விழட்டும்" என்றார்.

வாசித்தேன். இரண்டு பாகமும் இரண்டு தடவை வாசித்தேன். ஊர் திரும்பியபின் என் பாட்டை ஒருவர் கடைசிவரை கேட்டது அன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்?

மறுநாள் பெரிம்மா மகனுக்குப் போன் போட்டு, அதை என் கிட்டார் பக்கத்தில் பிடித்தார். முடித்ததும் நடராசன் கேட்டான்: "நல்லாக்குதும்மா. எந்த ஊரு பாட்டும்மா இது?"

"நீ இருக்கற ஊரு பாட்டுடா!"

அவன் மெல்லச் சொன்னான்: "இங்க யாரும் எனக்கு வாசிச்சுக் காட்டுனதில்லம்மா. இன்னொரு தபா வாசிக்கச் சொல்லு."

என் மக்களே! ஸ்காட்லாந்தில் இருப்பவனுக்கு ஸ்காட்லாந்துப் பாட்டு எங்கிருந்து போயிருக்கிறது பார்த்தீர்களா? பக்கத்துத் தெருவிலிருந்து போகவில்லை, எதிர் வீட்டிலிருந்து போகவில்லை. மரக்காணத்து உப்பளத்து வரப்பிலிருந்து போயிருக்கிறது! என் பாட்டைக் கேட்க ஆளில்லை என்று புலம்பினேனே, பாட்டே இல்லாமல் ஒருவன் அங்கே கிடந்திருக்கிறான்!

இன்று ஞாயிற்றுக்கிழமை. அங்கே இப்போது மத்தியானம். கப்பல் கட்டிக்கிடக்கிறது, கூட இருந்தவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பெரிம்மா, லைன்ல இருக்கறானா? தூக்கிக் காட்டுங்க. பாத்துக்குங்க, அந்தப் போனுக்குள்ளதான் நம்ம நடராசன் இருக்கறான். நான் பேச ஆரம்பிச்சதுலேர்ந்து கேட்டுக்கினு இருக்கறான்.

ஜெரால்டு அண்ணே, கிட்டார தொடலியே? "சத்தியமா தொடலப்பா"வா? நன்றிண்ணே. இன்று சாயங்காலத்திலிருந்து அதற்குக் காவலே அவர்தான்.

ஆகவே உங்கள் கால்தொட்டுக் கேட்கிறேன். இந்தப் பாட்டு பிடிக்கவில்லை என்றால் நாளைக்கு என்னைத் திட்டுங்கள். இப்போது மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் கை தட்ட வேண்டாம், விசில் வேண்டாம், எனக்குப் பொன்னாடையும் வேண்டாம். அந்தப் போனைப் பார்த்து, ஊரே ஒரே குரலில், ஒரே ஒரு வார்த்தை அவனைக் கேளுங்கள்: "நடராசா, சாப்ட்டியா?"

இடம் தந்த தலைவருக்கும், காது தரப்போகும் உங்களுக்கும், கடல் தாண்டிக் காத்திருக்கும் என் தம்பிக்கும் நன்றி, வணக்கம். மைக்க கிட்டார் பக்கம் எறக்குப்பா.