ரெண்டு வருஷத்துக்கு நடுவுல விழுந்த ஆல்பம்

வேணும்னு ஃபோனை ஓஃப் பண்ணலைங்க தங்கச்சி. இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுக்குள்ள சிக்னல் வராது, கோயிலடிக்குப் போனாத்தான் ரெண்டு கோடு காட்டும். என்னது, மூணு நாளா எடுத்தீங்களா? ம்... சரி, பொய் என்னத்துக்கு, வேணும்னுதான் ஓஃப் பண்ணேன். அதுக்காக நீங்க வரக்காப்பொலயிலருந்து பஸ் ஏறி வந்து வாசல்ல நிப்பீங்கன்னு நான் கனவா கண்டேன்?

ஒக்காருங்க. அந்தக் கதிரை வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இந்தக் கட்டில்ல ஒக்காருங்க. பிளேன்டீ குடிப்பீங்கதானே? றக்வானயிலருந்து த்ரீவீல்லயா வந்தீங்க? அனே, அந்த வளைவுல குடலு வாய்க்கு வந்திருக்குமே. எங்க வீட்டுக்காரரு ஸ்டோருல, தேயிலை அரைக்கிற மெஷின்ல நிக்கிறாரு. நாலு மணிக்குத்தான் வருவாரு. அதுக்குள்ள பேசிருவோம்ங்க. அவரு இருந்தா நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

என்னையப் பாத்துச் சிரிக்கிறீங்க. இல்ல இல்ல, கோவமில்ல. நம்ம மெட்டல் பாட்டு குரூப்புல ஆல்பத்துக்குத் தேதி பாக்குற தனுஜான்னா கொழும்புல கண்ணாடி போட்ட ஒரு மிஸ்ஸுன்னு நெனச்சிருப்பீங்க, வந்து பாத்தா கொழுந்தெடுக்குற ஒருத்தி இடுப்புல புள்ளையோட நிக்கிறா. எட்டாம் வகுப்போட நின்னவங்க நான். இங்கிலீசெல்லாம் இந்த ஆல்பம் அட்டையப் பாத்துப் பாத்து எழுத்துக் கூட்டுனதுதான். கல்யாணங் கட்டி வந்த புதுசுல அவரு மெட்டல் பாட்டு போட்டா நான் காதைப் பொத்திக்கிட்டு பீலிக்குப் போயிருவேன், தண்ணி தேவையே இருக்காது. பொறகு ஒருநாள் மலையில ஒரு காதுல வயரை மாட்டிக்கிட்டுக் கொழுந்தெடுத்தேன். கங்காணி வந்து காட்டுக் கத்து கத்துறாரு, பேச்சுன்னா அப்படிப் பேச்சு. இந்தக் காதுல பாத்தா ஒருத்தன் எனக்காகத் திருப்பிக் கத்துறான். எனக்கு அப்பவே புடிச்சிருச்சுங்க. ஏன்னா நான் வாயத் தொறந்து யாரையும் ஒரு சொல்லு சொன்னதில்ல. லயத்துல கேட்டுப் பாருங்க, இப்படி ஒருத்தி இருக்கான்னே சில பேருக்குத் தெரியாது.

ஆமாங்க, விஷயத்துக்குத்தான் வர்றேன். நாளைக்குக் காலையில பட்டியலைப் போடணும், தெரியும்.

வருஷத்துல வந்த நல்ல ஆல்பம் பத்துன்னு நீங்க போடுறதுல மார்க்குப் போடுற வேலை எனக்கு இல்லையே. எந்த ஆல்பம் எந்த வருஷத்தைச் சேந்ததுன்னு சொல்றது மட்டுந்தான். அதுவும் அந்தப் போலந்து நாட்டுப் பாட்டுக்காரங்களால வந்த வினை. அவங்க ஆல்பம் அவங்க ஊருல நவம்பர்ல வந்துச்சு, மத்த நாட்டுக்கு பெப்ரவரியில வந்துச்சு. ஒங்க றம்ஸீன் நானா, நம்ம கைக்கு எப்ப வந்துச்சோ அந்த வருஷம்னாரு. இன்னும் சில பேரு, ஒலகத்துல எந்த மூலையில மொதல்ல வந்துச்சோ அதுதான்னாங்க. ரெண்டு நாளு சண்டை. நான் ஒரு வரி எழுதி, அழிச்சி, மறுபடி எழுதி, கண்ண மூடிக்கிட்டு அனுப்புனேன். நம்ம தேயிலையை ஜப்பான்காரன் குடிச்சாலும் எந்தத் தோட்டத்துல எடுத்ததோ அந்தத் தோட்டத்துப் பேரைத்தானே பொட்டியில போடுறாங்க, அதனால பாட்டுக்காரங்க சொந்த நாட்டுல என்னைக்கு வந்துச்சோ அதுதான் தேதின்னு. எல்லாரும் கைதட்டுற படமா அனுப்புனீங்க. அதுலருந்து அதுதான் விதி. அன்னைக்குத்தாங்க மொத தடவையா நாலு பேரு என் பேச்சைக் கேட்டாங்க.

பொறகு விடுவேனா? ஒவ்வொரு பாட்டுக்காரங்களுக்கும் நானே எழுதிக் கேப்பேன், ஒங்க ஊருக் கடையில என்னைக்குங்க போட்டாங்கன்னு. பிரேசில்காரன் ஒருத்தன் சார்னு போட்டுப் பதில் எழுதுனான். அதை அவருகிட்ட காட்டி ஒரு வாரம் சிரிச்சோம். சார் சோறாக்கிட்டீங்களா, சார் கொழுந்து எத்தனை கிலோன்னு அவரு கேலி பண்ணிக்கிட்டே இருந்தாரு.

ம். அவரு ஆல்பத்துக்கு வர்றேன்.

எங்க வீட்டுக்காரரு சுமனும் அவரு கூட்டாளி மூணு பேரும் சேந்து போட்ட ஆல்பம், மண்சரிவு. வேலை முடிஞ்சி வந்து, கோழிக்கூட்டுப் பக்கம் ஒக்காந்து, ரெண்டு வருஷமா செஞ்சது. ஜப்பான்ல யாரோ ஒரு சின்னக் கம்பெனிக்காரன் எங்கயோ கேட்டுட்டு நூறே நூறு கேசட்டு அடிச்சி, போன வருஷம் டிசம்பர் பதினெட்டுல விட்டான். நம்ம நாட்டுல வந்தது இந்த வருஷம் ஜனவரி பதினொன்னு. நீங்க எல்லாம் கேட்டது அன்னைக்குத்தான். ஆனா நான் என்ன எழுதுனேன்? மொதல்ல வந்தது டிசம்பர், அதனால போன வருஷம். போன வருஷப் பட்டியலோ அதுக்குள்ள முடிஞ்சி போச்சு. அப்ப இதுலயும் இல்ல, அதுலயும் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு நடுவுல விழுந்துருச்சுங்க அது. விழல, நாந்தான் தள்ளிவிட்டேன்.

நீங்க அதுக்கு என்ன பண்ணீங்க? சொந்தப் புருஷன் ஆல்பத்தையே தூக்கி வெளிய வச்ச தனுஜா அக்கா, இதுதாண்டா நேர்மைன்னு பெருசா எழுதிப் போட்டீங்க. எரநூறு பேரு இதயம் போட்டிருந்தாங்க. அதைப் பாத்துட்டுத்தான் ஃபோனை ஓஃப் பண்ணேன்.

ஆமா, நான் அன்னைக்கு எழுதுன விதியைக் காட்ட வேணாம், தெரியும். போலந்துக்காரங்களுக்குச் சொந்த நாட்டுத் தேதின்னு ஒரு விதி, எங்களுக்கு மொதல்ல வந்த தேதின்னு ஒரு விதி. அதைப் பாத்துட்டு, அக்கா கூச்சத்துல ரொம்ப இறுக்கிட்டாங்க, போய் ரெண்டு வார்த்தை சொன்னா சரியாயிரும்னு கெளம்பி வந்திருக்கீங்க. நல்ல மனசு தங்கச்சி ஒங்களுக்கு. ஆனா அது இல்லைங்க.

மார்க்குப் போட்டவங்க அத்தனை பேரும் அவரு ஆல்பத்துக்குத்தான் கூடப் போட்டிருக்காங்கன்னு தெரியும். உள்ள விட்டா அதுதான் மொதல்ல நிக்கும். மொதல்ல நிக்கிறவங்களுக்கு ஏப்ரல்ல கொழும்புல மேடை, அதுவும் தெரியும். அவரு இதுவரைக்கும் மேடையேறி வாசிச்சதே இல்லைங்க. கோயில் தேருக்கு வாசிக்கிறேன்னு ஒரு தடவை கேட்டதுக்கு, சாமி பயந்துரும்னு அனுப்பிட்டாங்க. நான் டிசம்பர்னு எழுதுன அன்னைக்கு, சோத்துத் தட்டைப் பாத்துக்கிட்டே, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் தனு, தேதியில ஒன்னைய விட யாருக்குத் தெரியும்னாரு. சொல்லிட்டு ஊறுகா கேட்டாரு. நாலு திட்டு திட்டியிருந்தா நான் அன்னைக்குத் தூங்கியிருப்பேன். இப்பவும் தெனமும் அந்தப் பாட்டுகளைத்தான் பழகுறாரு, மேடை இல்லைன்னு தெரிஞ்சே.

ஏன்னா... கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். அந்தப் பக்கத்துக் காம்பரா அறையில மாமியாரு இருக்காங்க. நடுவுல பலகைதான்.

அவருக்குச் சத்தம் புடிக்கிற கிறுக்கு இருக்குல்லங்க. மெஷின் சுத்துறது, தகரத்துல மழை விழுறது, எல்லாத்தையும் ஃபோன்ல புடிச்சிட்டு வந்து பாட்டுக்குள்ள வச்சிருவாரு.

பாப்பா பொறந்த அன்னைக்கு நல்ல மழை. பகல் ரெண்டு மணி இருக்கும். கீழ மண்ணு சரிஞ்சி ரோட்டுல கெடக்கு, ஆம்புலன்ஸ் ஏற முடியல. தோட்டத்துத் தொரைகிட்ட கேட்டு கொழுந்து லொறியில ஏத்துனாங்க, கொழுந்துச் சாக்கு மேலயே. கணக்கப்பிள்ளை, டிரைவரு, சாக்கு ஏத்துற ரெண்டு ஆளு. அத்தனை ஆம்பளைங்க முன்னால நான் கெடந்த கெடை... என்னத்தச் சொல்ல. அதுல ஒரு சிங்கள ஆளு மொகத்தைத் திருப்பிக்கிட்டு, தெய்யனே தெய்யனேன்னு கும்புட்டுக்கிட்டே வந்தாரு. எங்க வீட்டுக்காரரு ஒரு கையில என் கையைப் புடிச்சிருந்தாரு, இன்னொரு கையில ஃபோன். நான் ஆஸ்பத்திரிக்குத்தான் பேசுறாருன்னு நெனச்சேங்க.

ஆறாவது பாட்டு. கடைசி ஒன்றரை நிமிசம்.

ம். அதுல கத்துறது நாந்தான்.

பாட்டு முடிஞ்சதும் அவரு அதை ஆசையாத்தான் போட்டுக் காட்டுனாரு. கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. ஒலகத்துல எவனும் இப்படிக் கத்துனதில்ல தனுன்னாரு. நான் தலையாட்டிட்டு அரிசி களையப் போயிட்டேன். வேணாம்னு ஒரு வார்த்தை வாயில வரல. எனக்குத் தெரிஞ்சது தேதி மட்டுந்தான், அதைப் புடிச்சிக்கிட்டேன்.

குரூப்புல அடிச்சிக்கிட்டீங்களே, அந்தக் கொரலு நோர்வேக்காரனா, அது என்ன பாஷைன்னு. தமிழ்தாங்க. நல்லாக் கேட்டா வெளங்கும். அவரோட அம்மாவைத்தான் வையிறேன், பேரு சொல்லி. ஒலகத்துல இருக்குற கெட்ட வார்த்தையெல்லாம் சேத்து, இந்த வாயால. கொழும்பு மேடையில ஏறிருச்சுன்னா இந்த லயத்துல ஒரு ஃபோன் பாக்கியில்லாம ஓடும். லொறியில வந்த ஆளுங்களுக்கு எடுத்த எடுப்புலயே தெரிஞ்சிரும்.

சிரிங்க, பரவாயில்ல. அழ மட்டும் வேணாம், பாப்பா பாக்குது.

அந்தக் கொரலுக்கு என் பேரைப் போடவா? வேணாங்க, சத்தியமா வேணாம். அவருகிட்ட நானே சொல்லிக்கிறேன், எப்படிச் சொல்லுவேன்னு தெரியல, சொல்லிருவேன். அந்த நேர்மைன்னு எழுதுனதை மட்டும் எடுத்துருங்க, குத்துது. அவரு ஒரு தடவை மேடையேறட்டும், கொப்பியை எடுங்க. மண்சரிவு, சொந்த நாட்டுல வந்தது ஜனவரி பதினொன்னு, இந்த வருஷம். இப்பவே எழுதுங்க தங்கச்சி, நீங்க பஸ் ஏறிட்டீங்கன்னா எனக்கு மனசு மாறிரும்.