மக்காச்சோளக் கப்பில் காபி

— பையனோட அம்மா பட்டுப்புடவையில காபி, அப்பா வேட்டியில காபி. “உங்க வூட்டுல டம்ளரே கெடையாதா?”ன்னு கேட்டுட்டுப் படியெறங்கிப் போறாங்க. இதுக்குத்தான் ஒரு வருஷமா அலைஞ்சு இந்த சம்பந்தத்தப் புடிச்சேனா?

— சங்கரி, கோவப்படாம கேளு. டெக்னிகலா, கப்பு மேல தப்பே இல்ல. மக்காச்சோளத்துல செஞ்ச பிளாஸ்டிக்கு அது. பாக்கக் கண்ணாடி மாதிரியே கீது. மோரு, ஜூஸுக்குப் பிரமாதம். சூடுன்னா மட்டும் கொஞ்சம் கூச்சப்படும்.

— கூச்சப்பட்டுச்சா? மாப்பிள்ளப் பையன் கையிலயே இடுப்பு ஒடிஞ்சு விழுந்துச்சுங்க!

— அம்மா, நீ உக்காரு. தரைய நான் தொடைக்கிறேன்.

— பொண்ணு பாக்க வந்தவங்க போயிட்டாங்க, பொண்ணு தரை தொடைக்குது. ஏன்டி பிரதீபா, உனக்கு அழுகையே வரலையா? சம்மதம்னு நீதானடி தலையாட்டுன?

— நீ சாப்பிடாம படுத்துட்ட. வேற எப்படிம்மா ஆட்டுறது?

— அந்த ஸ்பூனு கண்றாவிய யாருங்க கேட்டா?

— டெக்னிகலா, உருளைக்கெழங்கு மாவு. தோட்டத்துல பொதைச்சா எருவாயிடும்.

— கேசரியில குத்துனாலே வளைஞ்சு நம்மளத் திரும்பிப் பாக்குது. பொதைக்கிற வரைக்கும் எங்க தாங்கும்?

— தாம்பூலப் பை கெட்டியா நின்னுச்சே, அதச் சொல்ல மாட்டியே!

— நின்னுச்சு. ஆனா அது ஏமாத்து வேலைன்னு நீங்களே அவங்க கிட்ட சொன்னீங்களே!

— பொய் சொல்லச் சொல்றியா? அது ஏதோ மருந்து கலந்த பாலித்தீன். வெயில்ல அப்பளமா நொறுங்கும், தூளாகி மண்ணுலயே கெடக்கும். மக்குதுன்னு அச்சடிச்சு விக்கிறான். நான் அத விக்க மாட்டேன். சும்மாதான் குடுப்பேன்.

— அதோட விட்டீங்களா? பஜ்ஜிய வாயில வெச்சவங்க கிட்ட பாக்டீரியா கதை!

— நாலுலயும் ஒசத்தி அதுதான் சங்கரி. பாக்டீரியாவுக்கு சர்க்கரை ஊட்டி வளத்தா, ஒடம்புல கொழுப்பு மாதிரி பிளாஸ்டிக் சேத்து வெக்கும். சூடு தாங்கும். மகாபலிபுரம் கடல்ல போட்டாலும் மெல்ல மக்கிடும். வெலதான் யானை வெல, அதான் வாங்கல.

— அந்தம்மா பஜ்ஜிய அப்படியே தட்டுல வெச்சுட்டாங்க. கல்பாக்கத்துல ஒழுங்கா வேலை பாத்த மனுஷன், ரிட்டயர் ஆனதும் மக்குற பிளாஸ்டிக் ஏஜென்சியாம்! பால்கனி பூரா அட்டப் பொட்டி, துணி காயப்போட எடமில்ல. இருங்க, ஃபோன் அடிக்குது... ஹலோ, ஆமாங்க... அப்படிங்களா... சரிங்க. போச்சு! ஜாதகம் பொருந்தலையாம். காலையில பத்துப் பொருத்தம் இருந்துச்சு!

— ஜாதகமும் சூடு தாங்காது போலிருக்கு.

— இதுலயும் ஜோக்கு! கேளம்பாக்கம் பூரா இன்னிக்கு நம்மளப் பாத்துதான் சிரிக்கப் போவுது. நான் போய்ப் படுக்கிறேன். ரெண்டு பேரும் என்கிட்ட பேசாதீங்க.

— அப்பா, அம்மா கதவ சாத்திகிட்டாங்க. ஒண்ணு கேக்கவா? சூடா ஊத்தக்கூடாதுன்னு அந்தப் பொட்டி மேலயே போட்டிருக்கே. நீங்க படிக்கலையா?

— ஊர்ல ஒரு டீக்கடை பாக்கியில்லாம அதையேதானம்மா சொல்லிகினு கீறேன்.

— அப்புறம் ஏன் என் கையிலிருந்து டம்ளர் தட்டப் புடுங்கி, கப்புல ஊத்துனீங்க?

— காபிய ஆத்து ஆத்துன்னு ஆத்துனேன். ஆளுக்குச் சுடக்கூடாது, கப்பு மட்டும் வளையணும். அந்தப் பதத்துக்குக் கொண்டார கை போயிடுச்சு.

— அப்பா!

— நேத்து மொட்டை மாடியில ஃபோன்ல அழுதியே. தண்ணி டேங்க் பாக்க வந்தவன், அப்படியே திரும்பி எறங்கிட்டேன்.

— எல்லாம் கேட்டுட்டீங்களா?

— துரைன்னு பேரு மட்டும் காதுல விழுந்துச்சு. அந்தத் துரைய ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. அவனுக்கு எவர்சில்வர் டம்ளர்.