முதுகு எனக்கு, முகம் அவளுக்கு

— அந்த அரிவாளை இப்படிக் குடு.

— குடுக்க மாட்டேன். இருபத்திரண்டு செடி, ஒண்ணு விடாம சாய்க்கப் போறேன். நீங்க உள்ள போய் பேப்பர் படிங்க வாத்தியாரே. பொண்டாட்டி கோபம் அடங்கினப்புறம் வெளிய வந்தாப் போதும்.

— பூத்து நாலு நாள்கூட ஆகலையே. இந்த வெயில்ல வேற எந்த வீட்டுல இப்படிப் பூத்திருக்கு, சொல்லு?

— பூத்திருக்கு, சரி. யாருக்குப் பூத்திருக்கு? இங்க வந்து என் பக்கத்துல நில்லுங்க. என்ன தெரியுது?

— சூரியகாந்தி.

— முதுகு தெரியுது! இருபத்திரண்டு முதுகு! விதை ஊனினது நான். களை பறிச்சது நான். குழாய்ல தண்ணி வராத நாள்லகூட குடம் குடமாத் தூக்கி இடுப்பு ஒடிஞ்சது எனக்கு. இதுங்க என்னடான்னா மதிலுக்கு அந்தப் பக்கம், உங்க அண்ணன் வீட்டைப் பாத்துப் பல்லைக் காட்டுதுங்க. நல்லாயிருக்கே நியாயம்!

— அதாவது, விஷயம் என்னன்னா, செடி இளசா இருக்கறப்ப சூரியன் போற பக்கமெல்லாம் திரும்பும். பூ முத்தினதும் கிழக்கையே பாத்து நின்னுடும். அண்ணன் வீடு நமக்குக் கிழக்கால இருக்கு. இதுல செடியைக் குத்தம் சொல்லி...

— இருங்க, இருங்க. இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

— ஏழாங்கிளாஸ் பாடத்துல வருது. நான்தானே நடத்தறேன்.

— அப்ப நான் வாசப்பக்கம் விதைக்கறேன்னப்ப, வேணாம், மதிலோரம்தான் மண்ணு நல்லாருக்குன்னு சொன்னது எந்த வாய்?

— மண்ணும் கொஞ்சம் நல்ல மண்ணுதான்.

— என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க.

— சரி. அண்ணி பாக்கட்டும்னுதான் சொன்னேன்.

— அடப்பாவி மனுஷா! வீட்டைப் பாகம் பிரிச்ச அன்னிக்கு நாலு பேர் முன்னாடி என்னை என்ன சொன்னா? இவ கை பட்டாப் பச்சைப் புல்லும் கருகிப்போகும்னா. மூணு வருஷமாச்சு, இன்னும் சோத்துல கை வைக்கறப்ப ஞாபகம் வருது. இதே கையால ஒரு தோட்டம் போட்டு, தெருவே வாயைப் பொளக்கணும்னுதான் மாடா உழைச்சேன். அதைக் கொண்டுபோய் அந்த மகராசிக்கே காட்டிட்டீங்களே!

— அவங்க மாடிப்படியில விழுந்தாங்கல்ல...

— தெரியும். எழுந்து நடமாடறாங்கன்னு பால்காரர் சொன்னாரே.

— நடமாடல. இடுப்பெலும்பு இன்னும் கூடல. நாலு மாசமா அதோ, அந்த மாடி ஜன்னலோரக் கட்டில்லயே கிடக்கறாங்க.

— அக்காவா? நாலு மாசமாவா? உங்களுக்கு எப்படித் தெரியும்?

— சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டு அங்கதான் போறேன்.

— ஓஹோ! கட்டினவகிட்டயே புளுகு! என்னை அவ்வளவு கல்நெஞ்சக்காரின்னா நெனச்சீங்க? சொல்லியிருந்தா, போகக்கூடாதுன்னு சட்டையைப் பிடிச்சா இழுத்திருப்பேன்?

— இழுத்திருப்ப.

— இழுத்திருப்பேன்தான்! அதுக்காகச் சொல்லாம இருக்கறதா?

— மெதுவாப் பேசு. ஜன்னல் திறந்திருக்கு.

— கேக்கட்டும், நல்லாக் கேக்கட்டும்! நாலு நாளா என் பூவைப் பாத்துக்கிட்டுத்தானே படுத்திருக்கா? நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாளா?

— அதாவது...

— சொன்னாளா, இல்லையா?

— சொல்லல.

— எப்படிச் சொல்லுவா! வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமே! பூவைப் பத்தி ஒண்ணுமே பேசலையா?

— பேசினாங்க. நேத்து. அத்தனையையும் வெட்டிடச் சொன்னாங்க.

— என்னது?

— நான் சொல்லல, அவங்கதான் சொன்னாங்க.

— என் செடியை வெட்டச் சொல்ல அவ யாரு? பாத்தீங்களா வயித்தெரிச்சலை! படுத்த படுக்கையிலயும் குசும்பு அடங்கல! இந்தாங்க அரிவாள், கொண்டுபோய் உள்ள வைங்க. ஒரு இதழ் உதிர விடமாட்டேன். இன்னும் நாப்பது விதை இங்கயே ஊனறேன். என்ன பண்ணுவா? வந்து பிடுங்குவாளா?

— கோபத்துல சொல்லலடி. காலைல நீ தண்ணி ஊத்த வர்றதைப் பாக்கறதுக்குன்னே விடியறப்பவே கண் முழிச்சுக் கிடப்பாங்களாம். இப்ப பூவெல்லாம் வளந்து உன் முகத்தை மறைக்குதாம்.