கண்ணாடி தூக்கிய ஐவர்

இன்று மார்ச் ஒன்பது, ஞாயிறு. என் வயது எழுபத்தெட்டு ஆண்டு, ஐந்து மாதம், நான்கு நாள். எனக்கு முன் பேசியவர் "எண்பதை எட்டிய அம்மையார்" என்றார். எட்டவில்லை ஐயா, எட்டும்போது நானே சொல்லி அனுப்புகிறேன்.

அவையின் சுமையைச் சிரித்த முகத்தோடு தாங்கும் தலைவர் அவர்களே! நாற்பது ஆண்டுக்கு முன் கால்பந்துக் கோப்பை வென்ற கண்ணாடித் தொழிற்சாலைக் காளையரே, இன்றைய முழங்கால் வலிக்காரர்களே! தோற்றும் அழைப்பை மதித்து வந்திருக்கும் அச்சக அணியின் அன்பர்களே! சேற்றுச் சட்டைகளைத் துவைத்தே அந்த வெற்றியில் பாதிப் பங்கு பெற்ற தாய்மார்களே! வணக்கம்.

"கைதூக்கியும் வந்திருக்கிறார்" என்று வரவேற்புரையில் சொன்னதும் அரங்கமே சிரித்தது. எட்டாம் வரிசையில் மனைவியோடு அமர்ந்திருக்கும், அந்தப் பட்டப்பெயருக்குரிய அச்சுக்கோப்பாளரும் சிரித்தார். நாற்பது ஆண்டுப் பழக்கம். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சற்றுச் சுற்றித்தான் வருவேன், பொறுத்தருள்க.

இறுதி ஆட்டத்தில் எல்லைக்கோட்டில் கொடி பிடித்தவள் நான். எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி முன்கூட்டியே நிற்பவனுக்குப் பந்து உதைக்கப்பட்டால் ஆஃப்சைடு. கொடி உயர வேண்டும். கல்லூரியில் வடிவியல் கற்பித்தவளுக்குக் கோடு புதிதா என்ன?

அச்சக அணி அடித்தால் வலை கிழியும். கண்ணாடி அணியிடம் வேகம் இருந்ததா? இல்லை. ஒருவனைத் தவிர யாருக்காவது உயரம் இருந்ததா? இல்லை. ஒரே நிறத்தில் காலுறையாவது இருந்ததா? அதுவும் இல்லை! இருந்தவர் ஒரு மேஸ்திரி.

"டேய், பந்தையே பாக்காதீங்கடா! வேலைல கண்ணாடியப் பாத்துக்கிட்டா நடக்குறீங்க? பக்கத்துல இருக்கிறவன் தோளப் பாருங்க!"

ஆளுயரக் கண்ணாடியை ஐவர் சுமக்கையில் ஒருவர் அரையடி பிந்தினாலும் கண்ணாடி போகும். கூடவே விரலும் போகும். இறக்கியதும் மேஸ்திரி "விடு!" என்பார், பத்துக் கையும் ஒரே நொடியில் விலகும். அந்த ஒழுங்கையே திடலில் நிறுத்தினார். ஐவர் பின்னே, நால்வர் அவர்க்கு முன்னே, நடுக்கோட்டுக்கு அப்பால் ஒட்டடைக்குச்சி என்று நீங்கள் கொஞ்சும் அந்த நெட்டையன். பந்து இடம் போனால் ஐவரும் இடம். வலம் வந்தால் ஐவரும் வலம். இடையில் ஒரு காற்று நுழையுமா? ஒரு கால் நுழையுமா? எண்பது நிமிடம் மோதினார்கள். எண்பது நிமிடமும் சுவர்!

கைதட்டல் இருக்கட்டும் தம்பி, இன்னும் கோலே விழவில்லை.

எண்பத்துமூன்றாம் நிமிடம். ஐவரில் ஒருவர் பந்தைப் பறித்தார். "விடு!" என்றார் மேஸ்திரி. ஒரே உதை! நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தது பந்து, பாய்ந்தது ஒட்டடைக்குச்சி. அச்சக அணியின் கடைசித் தடுப்பாளர் நம் அச்சுக்கோப்பாளர். அவர் ஓடவில்லை, நின்று கை தூக்கினார்.

"மேடம், ஆஃப்சைடு! கொடியத் தூக்குங்க மேடம்!"

கொடி உயரவில்லை. கோல்!

நடுவர் மூச்சிரைக்க வந்தார். "சரியான கோல்தானே மேடம்?"

"சரி," என்றேன்.

"கையத் தூக்கின நேரத்துக்குக் காலத் தூக்கியிருந்தா கோப்பை நம்மதுடா!" என்று அவர் அணித்தலைவர் கத்தியது வெளிவாசல்வரை கேட்டது. அன்று ஒட்டியது பெயர். மகள் திருமணப் பந்தியில் தண்ணீர் கேட்டுக் கை உயர்த்தினாராம், "என்ன மாமா, ஆஃப்சைடா?" என்று சம்பந்தி வீடே சிரித்ததாம்.

நன்றி சொல்லி அமர்வதே மேடை மரபு. அழைத்தவர்களுக்கு நன்றி, நாற்காலி போட்டவர்களுக்கும் நன்றி. அமருமுன் ஒன்று.

அந்த நொடியில் என் கண் எங்கே இருந்திருக்க வேண்டும்? அச்சக அணியின் கடைசித் தடுப்பாளர் மீது. எங்கே இருந்தது? மறுபாதித் திடலில், மேஸ்திரியின் ஐவர் மீது! கரும்பலகையில் ஆயிரம் கோடு கிழித்தவள், ஒரு கோடு மூச்சுவிட்டு நடப்பதை அன்றுதான் கண்டேன். கண்ணாடி அணியினரே, உங்கள் தடுப்பாட்டத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டை நீங்கள் கேட்டிருக்க முடியாது, வைத்துக்கொள்ளுங்கள். பந்து உதைபட்ட ஓசை கேட்டுத்தான் தலையைத் திருப்பினேன். ஒட்டடைக்குச்சி அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அது ஆஃப்சைடா, இல்லையா? எனக்குத் தெரியாது. "சரி" என்றபோதும் தெரியாது. நான் பார்க்கவே இல்லை. அந்த நொடியில் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடலிலேயே ஒருவர்தான். அவர் கை தூக்கினார்.

ஐயா, உங்களுக்கு முதல் வணக்கம். மற்றவர்களுக்கு அடுத்தது.