மாப்பிள்ளை டீம்

அட, இந்த டீமை இவ்ளோ திட்டறதுக்கு நான் யாருங்கறீங்களா? போன சீசன் பூரா இதே ஸ்டேடியத்துல உக்காந்து பார்த்தவ தம்பி நான். ஒரு மேட்ச் விடல. பேஸ்கட்பால்ல எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, ஒத்துக்கறேன். நான் கர்ட்டன் தைக்கறவ. ஆனா ஆட வந்தவன் யாரு, அலங்காரத்துக்கு நிக்கறவன் யாருன்னு கண்டுபிடிக்க பெரிய படிப்பா வேணும்?

நீங்க வர்ற வருஷத்துக்கு சீசன் சீட்டு வேண்டாம்னு சொல்ல வந்திருக்கீங்க, அதானே? மூஞ்சியிலயே தெரியுது. இந்த வரிசையில பாதிப் பேரு அதுக்குத்தான் நிக்கறாங்க. கொஞ்சம் முன்னாடி நகருங்க, அந்தக் கண்ணாடிக்காரரு நைசா நடுவுல புகுந்துடுவாரு.

நாலு பெரிய ஆட்டக்காரங்களைக் கொண்டு வந்தாங்களே, ஞாபகம் இருக்கா அந்தக் கூத்து? மேல மூடாத பஸ்ஸுல நிக்க வச்சு ஊர்வலம். பேப்பர்ல முழுப்பக்கம் போட்டோ. கோப்பை வைக்க அலமாரியில இடம் ஒதுக்குங்கன்னு ஒருத்தன் எழுதினான். இவங்களுக்கு இடம் வேணும்னு பழைய கேப்டனைத் தூக்கிட்டாங்க. ஆமா, அந்தக் குட்டையானவருதான். பந்து கைக்கு வந்தா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வேற ஒருத்தன் கையில இருக்கும். போட்டோவுக்கு எடுப்பா இல்லையாம், அனுப்பிட்டாங்க.

சரி, வந்தவங்க லட்சணத்தைக் கேளுங்க. பேரெல்லாம் நான் வச்சது. ஒருத்தன் ஒட்டகச்சிவிங்கி. அண்ணாந்து பார்த்தா நமக்குக் கழுத்து சுளுக்கும். என்ன பிரயோஜனம்? தரையில உருள்ற பந்தை எடுக்கக் குனிய மாட்டான். இன்னொருத்தன் சீப்பு. கணுக்கால் பிசகிடுச்சுன்னு பெஞ்சுல உக்காந்தான், அதே வாரம் டிவியில ஷாம்பு விளம்பரத்துல அந்தக் குதி குதிக்கறான். மூணாவது வக்கீல். ரெஃப்ரி விசில் ஊதினாப் போதும், வாதாட நின்னுடுவான். அவன் வாதாடி முடிக்கறதுக்குள்ள அவன் முதுகுக்குப் பின்னாடி எதிராளுங்க கூடையில போட்டுட்டுத் திரும்பிப் போயிருப்பாங்க.

நாலாவது, கரெக்ட், நீங்களே சொல்லிட்டீங்க. அவனேதான். நான் அவனுக்கு வச்ச பேரு மாப்பிள்ளை. எல்லாம் அவன் கைக்கு வரணும், வந்தா அங்கயே தங்கிடும். மத்தவங்க கையை நீட்டிக்கிட்டு பஸ் நிறுத்தற மாதிரி நிப்பாங்க. ஒரு நாள் அவனும் வக்கீலும் ஒரே பந்தைப் பிடிச்சு இழுத்தாங்களே, பார்த்தீங்களா? ஒரே டீமு தம்பி! ரெஃப்ரியே சிரிச்சுட்டாரு.

கோச்சா? பாவம் அந்த மனுஷன். நாலு பேரு ஆடல, அதனால ஆடாத ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. என்ன நியாயம் பாருங்க.

கடைசி மேட்ச்சுக்கு நீங்க வரலையா? நல்லவேளை, பிழைச்சீங்க. ஜெயிச்சா அடுத்த சுற்று, தோத்தா மூட்டை கட்டணும். நேரம் முடியப் போகுது, ஒரு பாயிண்ட் பின்னாடி இருக்கோம். மாப்பிள்ளையை எவனோ இடிச்சுட்டான், ரெண்டு ஃப்ரீ த்ரோ. யாரும் மறிக்க மாட்டாங்க, குறுக்க வர மாட்டாங்க. தனியா நின்னு நிதானமா போட வேண்டியது. இவன் என்ன பண்ணான்? கையைத் துடைச்சான். கேமரா எங்கன்னு பார்த்தான். முதல் பந்து பலகையில பட்டு அந்தப் பக்கம் போச்சு. ரெண்டாவது எதுலயுமே படல. காத்துல போயி காத்துலயே வந்துச்சு. முடிஞ்சுது கதை.

அப்புறம் எதுக்கும்மா திரும்பவும் சீட்டு வாங்க நிக்கறீங்கன்னா... நியாயமான கேள்விதான்.

எனக்கு எங்க ஆசை? என் வீட்டுக்காரருக்கு. லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு. வாய் ஓயாத ஆளு, லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்களை வெளிய நின்னு பேசியே சிரிக்க வச்சிடுவாரு. போன சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் காலையில, ஷேவ் பண்ணிக்கிட்டே இருந்தவரு அப்படியே சரிஞ்சாரு. பக்கவாதம். ஒரு பக்கம் கை கால் போச்சு, பேச்சும் போச்சு. ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கற பொண்ணு தங்கமான பொண்ணு. கப்பு, பூனை, குடைன்னு படம் காட்டும். இவரு சுவரைப் பார்த்துத் திரும்பிக்குவாரு. மாசக்கணக்கா இதே கதைதான். முன்னாடியே வாங்கி வச்சிருந்த சீசன் சீட்டைத் திருப்பிக் குடுத்துடுன்னு என் தங்கச்சி சொன்னா. நாலு மனுஷங்களைப் பார்க்கட்டுமேன்னு சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிட்டு வந்தேன்.

முதல் மேட்ச்ல அந்த வக்கீல் நின்னு வாதாடறான், பந்து அவனைத் தாண்டிப் போகுது. ஓடுடா எருமைன்னு பக்கத்துல ஒரு கத்தல். யாருன்னு பார்க்கறேன், இவரு! சுத்தி இருந்தவங்க எல்லாரும் அதையேதான் கத்திக்கிட்டிருந்தாங்க. நான் ஒருத்திதான் அழுதேன்.

கோவத்துல வர்ற வார்த்தைக்கு மூளையில வேற வழி இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. எந்த வழியோ, வந்தாச் சரி. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு புது வார்த்தை. குனிடா. தடியா. பந்தைக் குடுடா. எல்லாம் ஆட்டக்காரங்களுக்குத்தான், எனக்குன்னு ஒண்ணும் கிடையாது. வீட்டுக்கு வந்தா தண்ணிக்குக்கூட கையைத்தான் காட்டுவாரு. நடுவுல ஒரு மேட்ச் நல்லா ஆடித் தொலைச்சாங்க, அன்னிக்கு மனுஷன் வாயே திறக்கல. நான் எதிர் டீமுக்குக் கை தட்டினேன் தம்பி, அடிக்க வந்துட்டாங்க.

அந்தக் கடைசி ஃப்ரீ த்ரோ போச்சு பாருங்க, ஸ்டேடியமே சாவு வீடு மாதிரி ஆயிடுச்சு. இவரு மெதுவா என் பக்கம் திரும்பினாரு. வாய் கோணிக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தையாத் தேடித் தேடி எடுத்து, நீ போட்டிருந்தாகூட விழுந்திருக்கும்டின்னாரு.

என்னைப் பார்த்து, தம்பி. முழுசா.

அட, உங்களுக்கு ஏன் கண்ணு கலங்குது? கௌன்ட்டர் வந்துடுச்சு, இருங்க. சார், ரெண்டு சீட்டு, சக்கர நாற்காலி வைக்கற வரிசையில. பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க சார், அந்த மாப்பிள்ளை வர்ற வருஷமும் ஆடறான்ல?