ரெண்டு குலான்

மலையாள அரசின் கீழ் இருந்த எங்கள் ஊர்களைத் தாய்த்தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுக் கிளர்ச்சி நடந்த நேரம். பாறசாலை போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் முந்தைய நாள் சீட்டாட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜாக்கிச் சீட்டுக்கு எங்கள் ஊரில் குலான் என்று பேர்.

"ரெண்டு குலான் வச்சிருந்தும் நான் தோத்தேன்னா எப்பிடி மக்கா?"

"எலே, அது நம்ம இருபத்தெட்டுக் களி இல்ல. போக்கராக்கும். பட்டாளத்துல நான் படிச்சது. அதுல ராஜா ஜோடி, குலான் ஜோடிய வெட்டும்."

"இருபத்தெட்டுல குலானுக்கு மூணு புள்ளி உண்டு. ராஜாவுக்கு ஒண்ணும் கிடையாது."

"போக்கர்ல ராஜாதான் பெருசு. குலான் ராஜாவுக்க வேலக்காரன்."

"அப்போ அந்தக் களி நமக்கு வேண்டாம். நம்ம ஊருல வேலக்காரன்தான் பெருசு, பாத்துக்க."

பட்டாளத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

பாறசாலைக்கு முன்பே பஸ்ஸை நிறுத்தி, பேர் எழுத நோட்டும் பென்சிலுமாக ஒரு போலீஸ்காரர் ஏறினார். தமிழர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் யார் யார், இறங்குங்கள் என்று மலையாளத்தில் அதட்டினார்.

சீட்டில் தோற்றவர் எழுந்தார். போலீசைக் கண்டால் எல்லோரும் மடித்துக்கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார்கள். அவர் இறங்கிக் கிடந்த வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இங்க ஒரு குலான் உண்டு சாரே."

பட்டாளத்துக்காரரும் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ரெண்டுண்ணு எழுதும்."